நவீன சீனக் கவிதையில் தாயன்பு: பட்ட கடன் யாருக்கு?

நவீன சீனக் கவிதையில் வரும் தாயன்பு, கன்பூசிய மரபின் பெற்றோர் பக்திதான் புது உடையில் வருகிறதா, அல்லது அதில் உண்மையிலேயே ஏதேனும் மாறியிருக்கிறதா, படிக்க விரும்புகிறவர் எந்தக் கவிஞரிடமிருந்து தொடங்கலாம் என்பது கேள்வி. மரபின் தொடர்ச்சி இருக்கிறது. ஆனால் அதற்குள்ளேயே ஒரு நீண்ட வழக்கும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய சீனக் கவிதை தாயன்பைத் தீர்க்க முடியாத கடனாகப் பாடியது. கடந்த நூறு ஆண்டுகளில் எழுதிய கவிஞர்கள் அந்தக் கடனை மறுத்தார்கள், வேறொருவர் பெயருக்கு மாற்றினார்கள், நாட்டின் பெயரில் எழுதிவைத்தார்கள்; கடைசியில் சில மகள்கள் தாயிடமே கணக்குக் கேட்டார்கள். இந்த மாற்றங்களைக் கவிதை கவிதையாகப் பார்ப்பதே நல்ல வழி என்று நினைக்கிறேன்.

மரபு எதைச் சொன்னது என்பதை முதலில் சுருக்கமாகப் பார்க்கலாம். தாங் காலத்துக் கவிஞர் மெங் ஜியாவ் (751–814) பலமுறை அரசுத் தேர்வில் தோற்று, நாற்பதைத் தாண்டிய பிறகே தேறியவர். ஐம்பது வயதை ஒட்டி லீயாங் என்ற ஊரில் சிறிய பதவி ஒன்று கிடைத்து, தாயைத் தன்னோடு அழைத்துக்கொண்ட காலத்தில் அவர் எழுதிய ஆறடிக் கவிதையைச் சீனப் பிள்ளைகள் இன்றும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். தாயின் கையில் இருக்கும் நூல் ஊரைவிட்டுக் கிளம்பும் மகனின் உடம்பில் சட்டையாகிறது. அவன் திரும்பிவர நாளாகுமோ என்ற அச்சத்தில் தாய் நெருக்கி நெருக்கித் தையல் போடுகிறாள். சிறு புல்லின் உள்ளம் வசந்தகால வெயிலுக்கு ஈடு செய்துவிடும் என்று யார்தான் சொல்வார் என்று கவிதை முடிகிறது. கடன் என்ற கருத்து அந்தக் கடைசிக் கேள்வியில் இருக்கிறது. இதற்கும் வெகுகாலம் முந்திய, தமிழில் 'கவித்தொகை' என்ற பெயரில் அறிமுகமான தொகையிலும் அதே குரல்தான்: என்னைப் பெற்று வளர்த்த பாடு எத்தனை, அதற்கு நான் என்ன செய்தேன் என்று ஒரு பாட்டு அழுகிறது, ஏழு பிள்ளைகள் இருந்தும் தாயின் மனத்தைத் தேற்ற ஒருவரும் இல்லையே என்று இன்னொரு பாட்டு தன்னையே நொந்துகொள்கிறது. அந்த ஏழு பிள்ளைகள் பின்னால் வேறு வேடத்தில் வருவார்கள்.

1919இல் எழுந்த மே நான்கு இயக்கத்தின் இளைஞர்கள் பழைய குடும்ப ஒழுங்கைத் தாக்கத் தொடங்கியபோது, பெற்றோர் பக்திதான் முதல் இலக்குகளில் ஒன்றாக இருந்தது. பேச்சுமொழியில் கவிதை எழுதலாம் என்று வாதாடி வென்ற ஹூ ஷி, தன் முதல் மகன் பிறந்த அந்த ஆண்டில் 'என் மகன்' என்ற கவிதையை எழுதினார். மரம் பூத்தது, பூ உதிர்ந்து தற்செயலாகக் காய் காய்த்தது. உன்னைப் பெறவேண்டும் என்று மரம் நினைக்கவில்லை, எனவே உனக்கு நான் எந்த உபகாரமும் செய்யவில்லை. உன்னை வளர்ப்பது மனித குலத்துக்கு நான் செய்யவேண்டிய கடமை, நீ நிமிர்ந்து நிற்கும் மனிதனாக வேண்டும், எனக்கு அடங்கிய பிள்ளையாக வேண்டாம் என்கிறது அந்தக் கவிதை. இரண்டாயிரம் ஆண்டுக் கடன்பத்திரத்தை ஒரே பக்கத்தில் கிழித்துப் போட்டதாக அன்றைய இளைஞர்களுக்கு அது தோன்றியிருக்கும்.

ஆனால் அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 1918 நவம்பரில், ஹூ ஷியின் தாய் இறந்துபோயிருந்தார். இளவயதில் கைம்பெண்ணாகி, ஒற்றை மகனைப் படிக்கவைத்து, அவன் அமெரிக்காவில் படித்த ஆண்டுகளை எல்லாம் காத்திருந்தே கழித்த பெண் அவர். டிசம்பர் முதல் நாள் ஊருக்கு வந்து சேர்ந்ததைப் பற்றி ஹூ ஷி எழுதிய கவிதை, அவருடைய கொள்கைக் கவிதைகள் எல்லாவற்றையும்விடத் தரமானது என்பது என் கருத்து. முன்பெல்லாம் ஊருக்கு அருகிலுள்ள மூங்கில்கோல் சிகரம் கண்ணில் பட்டதுமே நெஞ்சு படபடக்கும், தாய் கண்ணீரை அடக்கிக்கொண்டு எதிரே வந்து "வந்துட்டியா? நல்லது!" என்பார், அதற்குமேல் ஒரு வார்த்தை பேசாமல், முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சோறும் தேநீரும் எடுத்துவைக்கப் போவார். இன்றும் அதே சிகரம், ஓடையின் மேல் அதே பாலம். அந்தப் படபடப்பு மட்டும் இல்லை. வாழ்நாள் முழுதும் பெற்ற பேருபகாரத்துக்கு ஈடு செய்யவில்லை என்று இங்கே அவரே சொல்கிறார். மகனுக்குக் கடனைத் தள்ளுபடி செய்தவர், தாய்க்குப் பட்டதைத் தள்ளுபடி செய்ய முடியாமல் நிற்கிறார். அடுத்து வரும் நூறு ஆண்டுக் கவிதையில் இந்த முரண் பல உருவங்களில் திரும்ப வருகிறது.

இந்த இடத்தில்தான் பிங் சின் (1900–1999) வருகிறார். 'நவீன சீனக் கவிதையில் தாயன்பு' என்றதும் எந்தச் சீன ஆசிரியரும் முதலில் சொல்லும் பெயர் இதுவே. ஃபூஜோவில் பிறந்தவர், கடற்படை அதிகாரியின் மகள். 1919ஆம் ஆண்டின் குளிர்கால இரவு ஒன்றில் தம்பியோடு கணப்பைச் சுற்றி உட்கார்ந்து தாகூரின் குறுங்கவிதைகளைப் படித்ததையும், உன் சிதறல் நினைவுகளையும் இப்படியே சேர்த்துவைக்கலாமே என்று தம்பி சொன்னதையும் முதல் தொகுப்பின் முன்னுரையில் பதிவு செய்திருக்கிறார். அப்படிச் சேர்ந்தவைதான் 164 துணுக்குகள் கொண்ட 'விண்மீன்கள்', 182 துணுக்குகள் கொண்ட 'வசந்த நீர்'. இரண்டும் 1923இல் நூலாக வந்தன. அவற்றில் புகழ்பெற்றது இது: வானத்தில் புயல் வந்தால் பறவை கூட்டுக்குள் ஒளிகிறது, மனத்தில் புயல் வந்தால் நான் ஒளிய உன் மடிதான் இருக்கிறது. இன்னொன்றில், முடிவற்ற வாழ்வில் ஒரே ஒரு பேரின்பத்துக்குத்தான் அனுமதி என்றால் படைத்தவனிடம் என்ன கேட்பேன் என்று சொல்கிறார்: நான் தாயின் மடியில், தாய் சிறு படகில், படகு நிலா ஒளிரும் கடலில்.

இதில் புதியது என்ன என்று கேட்கலாம். ஈடு செய்வது பற்றிய பேச்சே இதில் இல்லை. பிள்ளை வளர்ந்து பதவி பெற்றுத் தாயை அழைத்துக்கொள்ள வேண்டும் என்ற பழைய கதைக்கு இங்கே இடம் கிடையாது. சிறுவர்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒன்றில், தன்னை ஏன் நேசிக்கிறாய் என்று தாயிடம் கேட்டதாகவும், காரணம் ஒன்றுமில்லை, நீ என் மகள் என்பதால்தான் என்று தாய் சொன்னதாகவும் பிங் சின் எழுதுகிறார். காரணமற்ற அன்புக்குக் கணக்கும் இல்லை. அதைவிட முக்கியமாக, இந்தப் பாடல்களில் பேசுவது மகள். பழைய கவிதையில் ஊரைவிட்டுப் போனவன் எப்போதும் மகனே. படிக்க, பதவி தேட, நாடுசுற்ற அவனுக்குத்தான் உரிமை இருந்தது. 1923 ஆகஸ்டில் ஷாங்காயிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பிங் சின், கடலின் நடுவே 'காகிதப் படகு' என்ற கவிதையைத் தாய்க்கு எழுதியபோது, அந்த 'ஊர் சுற்றும் மகன்' நின்ற இடத்தில் முதல்முறையாக ஒரு கல்லூரி மாணவி நின்றாள்.

அந்தக் கவிதையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒரு தாளையும் வீணாக்காமல் எடுத்துவைத்து, சின்னச் சின்னப் படகாக மடித்துக் கடலில் போடுகிறாள். சில காற்றில் அடிபட்டுத் திரும்பவும் கப்பலின் சன்னலுக்குள் வந்து விழுகின்றன. சில அலையில் நனைந்து கப்பலின் முகப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஆனாலும் மனம் தளராமல் தினமும் மடிக்கிறாள். கனவில் ஒரு சின்ன வெள்ளைப் படகைக் கண்டால் வியப்படையாதே அம்மா, உன் மகள் கண்ணீரோடு மடித்தது அது என்கிறாள். தாகூரின் 'வளர்பிறை'யிலும் காகிதப் படகு விடும் குழந்தை உண்டு. ஆனால் அந்தக் குழந்தை தன் பெயரையும் ஊரையும் பெரிய கறுப்பு எழுத்தில் எழுதி, தெரியாத தேசத்தில் யாராவது எடுத்துப் பார்த்துத் தன்னை அறியட்டும் என்று விடுகிறது. தாகூரின் படகு அறியாத மனிதரைத் தேடி வெளியே போகிறது, பிங் சின்னின் படகு வீட்டைத் தேடித் திரும்புகிறது. கப்பலிலேயே திரும்ப விழுந்துவிடும் அந்தப் படகுகள் இல்லாவிட்டால் கவிதை வெறும் ஏக்கமாக நின்றிருக்கும்.

பிங் சின்மீது குறையும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். நாவலாசிரியர் மாவ் துன் 1934இல் அவரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையில், இந்த 'அன்பின் தத்துவம்' சமூகத்தின் நிஜத்தை எதிர்கொள்ளாமல் ஒதுங்கிக்கொள்கிறது என்ற பொருளில் விமர்சித்தார். அது ஓரளவு நியாயமே. பிங் சின்னின் தாய்க்கு மடி இருக்கிறது. அந்த வீட்டில் யார் துணி துவைத்தார்கள் என்று எந்தத் துணுக்கும் சொல்வதில்லை. அவருடைய தாய் 1930இல் இறந்த பிறகு எழுதிய உரைநடையில்தான் நோயும் வலியும் உடலுமாக ஒரு பெண் தெரிகிறார்.

துணி துவைத்தவளைப் பற்றிய கவிதை, மாவ் துன் கட்டுரை எழுதுவதற்கு ஓராண்டு முன்பே எழுதப்பட்டிருந்தது. பிரான்சில் மூன்றாண்டு ஓவியம் படித்துத் திரும்பிய 22 வயது இளைஞர் ஒருவர், 1932 ஜூலையில் ஷாங்காயின் பிரெஞ்சுக் குடியிருப்பில் இடதுசாரி என்று கைதானார். 1933 ஜனவரி 14, பனி பெய்த காலை. சிறைக்குள் இருந்தபடி அவர் எழுதியது 'தாயென்ஹே, என் செவிலி' என்ற நெடிய கவிதை. அது 1934இல் அச்சேறியபோதுதான் ஆய் சிங் (1910–1996) என்ற பெயரை வாசகர்கள் அறிந்தார்கள். என்னைக் கேட்டால், இந்தப் பொருளில் இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கவிதைகளில் தலையாயது இதுதான். எனவே இதில் சற்று நேரம் நிற்கப்போகிறேன்.

ஆய் சிங் ஜெஜியாங் மாகாணத்தின் ஜின்ஹுவா பகுதியில் ஒரு நிலக்கிழார் வீட்டுப் பிள்ளை. கடினமான பிரசவம், பெற்றோருக்கு இந்தக் குழந்தை ஆகாது என்று சோதிடன் சொல்லிவிட்டான். எனவே பாலூட்டி வளர்க்க ஊரிலுள்ள ஓர் ஏழைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார்கள். ஐந்து வயதில்தான் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பெற்றோரை அவர் சித்தப்பா, சித்தி என்ற முறையில்தான் கூப்பிட வேண்டியிருந்தது. பால் கொடுத்தவளுக்கோ பெயரே கிடையாது. சிறுமியாக இருக்கும்போதே வருங்கால மருமகளாக இன்னொரு வீட்டுக்குக் கொடுக்கப்பட்டவள். பிறந்த ஊரின் பெயரையே அவளுக்கும் பெயராக வைத்துக் கூப்பிட்டார்கள். கவிதை இந்தத் தகவலோடுதான் தொடங்குகிறது. 'என் தாய்' என்று பாடவேண்டிய இடத்தில் 'என் செவிலி' என்று நிறுத்தி, அவளுடைய ஊர்ப்பெயரைச் சொல்லி, அவளுக்குப் பால் ஒரு பிழைப்பு என்பதையும் மறைக்காமல் சொல்கிறார்: என்னை வளர்த்து அதனால் தன் குடும்பத்தை வளர்த்தாள்.

பிறகு ஒரு பட்டியல் வருகிறது. அவள் தன் தடித்த உள்ளங்கையால் குழந்தையை எடுத்து அணைத்துத் தடவிக்கொடுக்கிறாள், எப்போது? அடுப்பைப் பற்றவைத்த பிறகு, முன்றானைச் சாம்பலைத் தட்டிவிட்ட பிறகு, சோறு வெந்துவிட்டதா என்று ருசிபார்த்த பிறகு, கறுத்த சோயாக் குழம்புக் கிண்ணத்தைக் கறுத்த மேசையில் வைத்த பிறகு, மலைச்சரிவின் முள்ளில் மகன்கள் கிழித்துக்கொண்டு வந்த சட்டையைத் தைத்த பிறகு, விறகுக் கத்தி பட்ட கடைக்குட்டியின் கையைக் கட்டிவிட்ட பிறகு, புருஷன் பிள்ளைகள் உள்சட்டையில் இருந்த பேன்களை ஒவ்வொன்றாக நசுக்கிய பிறகு, அன்றைய முதல் முட்டையைக் கையில் எடுத்த பிறகு. வாக்கியம் ஒவ்வொன்றும் 'பிறகு' என்றே முடிகிறது. அன்பு செலுத்த அவளுக்குக் கிடைப்பது மிச்ச நேரம் மட்டும்தான் என்று ஒரு விமர்சனக் கட்டுரை எழுதியிருந்தாலும் இவ்வளவு துல்லியமாகப் பதிந்திருக்காது. இலக்கணமே வேலையைச் செய்துவிடுகிறது. மெங் ஜியாவின் தாய்க்கு ஓர் ஊசியும் நூலும் மட்டும் இருந்தன. மகன் கிளம்பும் தருணம் மட்டும் இருந்தது. இவளுக்கு ஒரு முழு வேலைநாள் இருக்கிறது.

குழந்தையைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் காட்சி அடுத்தது. சிவப்பு வண்ணம் பூசிச் செதுக்கிய மரச்சாமான்களைத் தொட்டுப் பார்க்கிறான்; குடும்ப மகிழ்ச்சியைப் போற்றும் எழுத்துகள் பொறித்த பலகை இறவாணத்தில் தொங்குகிறது, அவனுக்கு அதைப் படிக்கத் தெரியாது; சிப்பிப் பொத்தான் வைத்த பட்டுச் சட்டை போட்டிருக்கிறான், பரிச்சயமில்லாத தங்கையைப் பார்க்கிறான், மூன்றுமுறை தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு சாப்பிடுகிறான், ஆனால் கூச்சத்தில் நெளிகிறான், ஏனென்றால் பெற்றவர்கள் வீட்டுக்கு அவன் புது விருந்தாளி. குடும்ப மகிழ்ச்சி என்ற பலகையைப் படிக்கத் தெரியாத குழந்தையை அதன் கீழே நிறுத்துவதில் ஆய் சிங்கின் கோபம் முழுவதும் இருக்கிறது. இரத்த உறவுதான் அன்பின் மூலம் என்ற கன்பூசிய அடித்தளத்தை இதைவிட அமைதியாக யாரும் அசைத்துவிட முடியாது.

பால் வற்றிய பிறகு, அவனைத் தூக்கிய அதே கைகளால் அவள் கூலிவேலை செய்யத் தொடங்குகிறாள். சிரித்தபடி எங்கள் துணிகளைத் துவைத்தாள், சிரித்தபடி கூடையோடு பனி உறைந்த குளத்துக்குப் போனாள், சிரித்தபடி பனித்துகள் சரசரக்கும் முள்ளங்கியை நறுக்கினாள், சிரித்தபடி பன்றித் தீவனத்தைக் கையால் அள்ளினாள். அந்தச் சிரிப்பு என்னைத் தொந்தரவு செய்யும். அது அவளுடைய சிரிப்பா, அல்லது நிலக்கிழார் மகனின் நினைவு அவள் முகத்தில் ஒட்டவைத்த சிரிப்பா? கவிதை இதற்கு நேரான பதில் தருவதில்லை. ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னாலேயே அவளுக்கு யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கனவு இருந்ததைச் சொல்கிறது. தன் பால்குடித்த பிள்ளையின் கல்யாண விருந்தில், அலங்கரித்த கூடத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். அழகான மணப்பெண் அவளை "அத்தை" என்று மாமியார் முறையில் அன்போடு கூப்பிடுகிறாள். சொல்லக் கூடாத கனவு என்ற ஒரு குறிப்பு போதும். வேலைக்காரியின் அன்பு எந்த எல்லையில் நிறுத்தப்பட்டிருந்தது என்பது தெரிந்துவிடுகிறது. அவன் வரைந்த சிவப்பும் பச்சையுமான குவான் யூ வீரரின் படத்தை அவள் அடுப்படிச் சுவரில் ஒட்டிவைத்திருந்தாள் என்பதும், அவன் யாருக்கும் தெரியாமல் ஊர்க் கோடியிலுள்ள அவள் வீட்டுக்கு வந்து "அம்மா" என்று கூப்பிட்டான் என்பதும் அதற்கு முன்பே வந்துவிடுகின்றன.

கல்யாணக் கனவிலிருந்து விழிக்கும் முன்பே அவள் இறந்துபோகிறாள். நாலு யுவான் சவப்பெட்டி, சில கட்டு வைக்கோல், சில அடி நிலம், ஒரு பிடி காகிதப்பணச் சாம்பல். இவைதான் அவளோடு போயின. நாற்பத்துச் சில்லறை ஆண்டு அவமானமும் உடன் போயிற்று. மூத்த மகன் கொள்ளைக்காரனானான், இரண்டாமவன் போரில் செத்தான், மற்ற மூவரும் முதலாளிகளின் திட்டு வாங்கிக்கொண்டு நாளைக் கழிக்கிறார்கள், நானோ சிறையில் இருந்துகொண்டு இந்த நியாயமற்ற உலகத்துக்குச் சாபம் எழுதுகிறேன் என்கிறார். உலகிலுள்ள எல்லாச் செவிலித் தாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் காணிக்கை என்று முடியும் கடைசிப் பகுதி எனக்குச் சற்று மேடைப்பேச்சாகவே படுகிறது. முட்டையும் முள்ளங்கியும் வரும் இடங்களின் எடை அதற்கு இல்லை. ஆனால் கடன் என்ற பழைய சொல் இங்கே முற்றிலும் வேறு பொருள் பெற்றுவிட்டது. கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்று ஒரு வர்க்கமே நினைத்த இடத்தில், கணக்கு முடியவில்லை என்று அந்த வர்க்கத்துப் பிள்ளை ஒருவன் எழுதுகிறான்.

இதே உந்துதலைப் பத்தாண்டு கழித்து வேறு விதமாக எடுத்தவர் ஜெங் மின் (1920–2022). போர்க்காலத்தில் குன்மிங் நகரத்துக்குப் பெயர்ந்திருந்த தென்மேற்கு ஒன்றிணைந்த பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்த மாணவி. ஜெர்மன் மொழிக் கவிஞர் ரில்கேயின் பாதிப்பு கொண்டவர். 'பொன்னிறக் கதிர்க்கட்டுகள்' என்ற கவிதையில், அறுவடை முடிந்த வயலில் தலைகவிழ்ந்து நிற்கும் நெற்கட்டுகளைப் பார்த்ததும் எண்ணற்ற களைத்த தாய்மார் நினைவுக்கு வருகிறார்கள் என்கிறார். மாலை வழியில் சுருக்கம் விழுந்த அந்த அழகிய முகத்தைக் காண்கிறேன் என்கிறார். தாய்க்குச் சொல்லப்பட்டுவந்த உருவகங்கள் கடல், மடி, வெயில் என்று இருந்தபோது, களைப்பை அழகு என்று சொல்லத் துணிந்த கவிதை இது.

இதற்கிடையில் தாய் என்ற உருவகத்தை நாடு எடுத்துக்கொண்டது. அது தொடங்குவது 1925இல், கவிஞர் வென் யீதுவோவின் 'ஏழு பிள்ளைகளின் பாட்டு' என்ற வரிசையில். முன்பு சொன்ன கவித்தொகையின் ஏழு பிள்ளைகளை அவர் முன்னுரையில் வெளிப்படையாகவே குறிப்பிட்டு, அந்நியர் கையில் இருந்த ஏழு நிலப்பகுதிகளை, மக்காவ், ஹாங்காங், தைவான் உட்பட, ஏழு பிள்ளைகளாக்குகிறார். ஒவ்வொரு பாட்டும் "அம்மா, நான் திரும்பி வரவேண்டும், அம்மா!" என்று முடிகிறது. பழைய பாட்டில் தாயைத் தேற்ற முடியாத பிள்ளைகள், இங்கே தாயிடமிருந்து பறிக்கப்பட்ட பிள்ளைகள். 1999இல் மக்காவ் சீனாவிடம் ஒப்படைக்கப்பட்டபோது அந்தப் பகுதி இசையமைக்கப்பட்டு நாடெங்கும் பாடப்பட்டது. கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கு வந்த 1949க்குப் பிறகு உருவகம் இன்னொரு படி நகர்ந்தது. ஹே ஜிங்ஜி 1956இல் வட ஷான்ஷி நாட்டுப்பாடல் மெட்டில் எழுதிய 'யெனானுக்குத் திரும்பினேன்' கவிதையில், பால் குடிக்கும் ஆட்டுக்குட்டி தாயைப் பார்ப்பதுபோல, தினைச்சோறு ஊட்டி வளர்த்த புரட்சித் தலைநகரைக் கவிஞர் பார்க்கிறார். இதிலாவது மண்ணும் தினையும் இருக்கின்றன. 1958இல் எழுதப்பட்டு 1963 முதல் பாட்டாகப் பரவிய ஒரு செய்யுளோ, கம்யூனிஸ்ட் கட்சியைத் தாயோடு ஒப்பிட்ட கையோடு, தாய் என் உடலை மட்டுமே பெற்றாள், கட்சியின் ஒளிதான் என் உள்ளத்தில் வீசுகிறது என்று தீர்ப்பும் எழுதிவிட்டது. ஒப்பீட்டுக்குக் கூப்பிடப்பட்ட தாய், அந்த ஒப்பீட்டிலேயே தோற்றுப்போகிறாள். கடன் அப்படியே இருந்தது. கடன் கொடுத்தவரின் பெயர் மட்டும் மாற்றப்பட்டது. இந்த வகைக் கவிதைகள் ஏராளம், ஆனால் தாயைப் பற்றி அறிய அவற்றைப் படிக்க வேண்டியதில்லை.

தாயும் நாடும் ஒரே கவிதையில் வந்தும் ஒன்றை ஒன்று விழுங்காத உதாரணம் யூ குவாங்ஜோங் (1928–2017) எழுதிய 'ஊர் ஏக்கம்'. நாஞ்சிங்கில் பிறந்து, தைவானில் குடியேறியவர்; 1972 ஜனவரியில் தைப்பேயில் இதை எழுத இருபது நிமிடம்தான் ஆயிற்று என்று அவரே சொல்லியிருக்கிறார். சிறுவயதில் ஏக்கம் என்பது ஒரு சின்ன அஞ்சல்தலை, நான் இந்தப் பக்கம், தாய் அந்தப் பக்கம். வளர்ந்ததும் ஒரு குறுகிய கப்பல் சீட்டு, அந்தப் பக்கம் மணப்பெண். பிறகு தாழ்ந்த ஒரு கல்லறை, நான் வெளியே, தாய் உள்ளே. இப்போது ஆழமில்லாத ஒரு நீரிணை, அந்தப் பக்கம் சீனப் பெருநிலம். அரசியல்வாதிகள் கடைசிப் பத்தியையே மேற்கோள் காட்டுவார்கள். கவிதையைத் தாங்குவது மூன்றாம் பத்தி. அவருடைய தாய் 1958இல் தைவானிலேயே இறந்தவர். எனவே அந்தப் பிரிவுக்கும் நீரிணைக்கும் சம்பந்தமில்லை. எந்த ஒப்பந்தமும் திறந்துவிட முடியாத ஒரு பிரிவை முன்னால் வைத்ததால்தான் நீரிணை 'ஆழமில்லாதது' ஆகிறது. தாயைப் பற்றி அவர் 1995இல் எழுதிய இன்னொரு கவிதை இவ்வளவு புகழ்பெறவில்லை, ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது. என் வாழ்வில் அடக்கமாட்டாமல் அழுதது இரண்டு முறை: ஒன்று என் உயிரின் தொடக்கத்தில், ஒன்று உன் உயிரின் முடிவில். முதலாவது எனக்கு நினைவிருக்காது, நீ சொல்லிக் கேட்டது. இரண்டாவது உனக்குத் தெரியாது, சொல்லியும் பயனில்லை. இடையில் முப்பது ஆண்டுச் சிரிப்பு, அது உனக்கும் தெரியும், எனக்கும் நினைவிருக்கிறது. 1928க்கும் 1958க்கும் இடையே முப்பது ஆண்டு என்று கூட்டிப் பார்க்கும்போது, கவிதை அணிநயத்துக்காக எண் சொல்லவில்லை என்பது புரியும்.

பெருநிலச் சீனாவில் தாயைக் கட்சியிடமிருந்து மீட்டது பண்பாட்டுப் புரட்சியின் (1966–76) கடைசி ஆண்டுகளில் இரகசியமாக எழுதிய தலைமுறை. ஃபூஜியனைச் சேர்ந்த ஷூ டிங் (1952இல் பிறந்தவர்) கிராமத்துக்கு அனுப்பப்பட்டுத் திரும்பி, பின்னர் சியாமெனில் மின்விளக்குத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1975இல் எழுதிய 'ஆ, தாயே' கவிதையில், கனவில் வந்த தாயின் உருவம் மறையாமலிருக்க, விடிந்தும் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள் மகள். தாயின் சிவப்புக் கழுத்துத் துணியைத் துவைத்தால் அந்த வாசனை போய்விடுமே என்று துவைக்காமல் வைத்திருக்கிறாள். முன்பு ஒரு முள் குத்தினாலும் உன்னிடம் அழுதேன், இப்போது முள்முடியே சூடியிருக்கிறேன், முனகக்கூடத் துணிவில்லை என்கிறாள். வெளிப்படையாகத் துக்கம் கொண்டாட முடியாத காலத்தில் எழுதப்பட்டது என்பதை மறந்து இதைப் படித்தால் மிகை என்று தோன்றும். நான்கு ஆண்டு கழித்து வந்த அவருடைய தேசக் கவிதையிலும், தழும்பேறிய மார்பால் எனக்குப் பாலூட்டினாய் என்று நாட்டைப் பார்த்துச் சொல்கிறார். நாடு இன்னும் தாய்தான், ஆனால் அடிபட்ட தாய்.

மகள் தாயை வணங்கியே தீரவேண்டுமா என்று கேட்டவர் செங்டுவின் ஜாய் யோங்மிங் (1955இல் பிறந்தவர்). 1984இல் எழுதிய 'பெண்' என்ற இருபது கவிதை வரிசையில் 'தாய்' ஒன்று. என்னைப் பிறக்கவைத்தாய், என்னையும் துயரத்தையும் இந்த உலகின் பயங்கர இரட்டையராக்கினாய் என்று தாயைப் பார்த்துச் சொல்கிறார். காலம் என்னைத் திரிகையில் போட்டு அரைப்பதை என் கண்ணாலேயே பார்க்கவைத்தது, இறுதியில் நான் வாயடைத்துப்போனபோது நீ மகிழ்ந்தாயா என்று கேட்கிறார். அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத்தைப் படித்ததன் தடம் இதில் தெரிகிறது, அதை அவர் மறைக்கவும் இல்லை. ஆனால் கோபத்தோடு மட்டும் இதைப் படிப்பது பிழை. தடமே தெரியாமல் உன்னை நான் எப்படி நேசிக்கிறேன் என்பது யாருக்கும் தெரியாது என்ற வரியும் அதே கவிதையில்தான் இருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு கழித்துத் தாய்க்கு எழுதிய 'பதினான்கு எளிய பாடல்கள்' அந்த வழக்கை மறுவிசாரணைக்கு எடுக்கிறது. தூக்கம் வராத மகள் இரவில் கேட்கிறாள்: தூக்கம் வராத தாய் பக்கத்து அடுப்படியில் நடமாடுகிறாள், விடியுமுன் துணிக்குக் கஞ்சி போட்டு அலசுகிறாள். இப்போது கேள்வி, நீ ஏன் என்னைப் பெற்றாய் என்பதல்ல. நீ உன் இளமையில் யாராக இருந்தாய் என்பது.

ஹாய் ஸி (1964–1989) தாயைப் பற்றி எழுதிய சிறு வரிசையில் சில வரிகள் மறக்க முடியாதவை: ஊரில் தாய் மறுபடியும் அந்தக் குட்டையான முக்காலியில் உட்கார்ந்து என்னை நினைக்கிறாள், அந்த முக்காலி பனி மூடிய என் கூரைபோல இருக்கிறது. அந்த வரிசையின் மற்ற பகுதிகள் இந்த வரிகளின் அளவுக்கு உயரவில்லை.

தாயைப் பற்றி இதுவரை சொன்ன கவிதைகள் அனைத்தும் பிள்ளைகள் எழுதியவை என்பதைக் கவனித்திருக்கலாம். தாய் காத்திருக்கிறாள், பிள்ளை ஊரைவிட்டுப் போய் எழுதுகிறது. இந்த அமைப்பைத் தலைகீழாக்கியது கவிதை இயக்கம் எதுவும் அல்ல, தென்சீனத் தொழிற்சாலைகள்தான். சிச்சுவானிலிருந்து 2001இல் டோங்குவானுக்கு வேலைக்கு வந்த ஜெங் சியாவ்ச்சியோங் (1980இல் பிறந்தவர்), தான் அறிந்த தொழிலாளிப் பெண்களின் வாழ்க்கையை 2012இல் 'பெண் தொழிலாளர் குறிப்பு' என்ற தொகுப்பாக்கினார். பல கவிதைகளுக்கு அந்தப் பெண்களின் பெயரே தலைப்பு. அங்கே ஊரைவிட்டுப் போனவள் தாய், ஊரில் காத்திருப்பது குழந்தை. 2013இல் அனைத்துச் சீன மகளிர் கூட்டமைப்பு வெளியிட்ட அறிக்கைப்படி, பெற்றோரில் ஒருவரோ இருவருமோ வெளியூர் போய்விட, கிராமத்தில் விடப்பட்ட குழந்தைகள் 6 கோடியே 10 லட்சம் பேர். ஆய் சிங்கின் செவிலி தன் பாலை விற்றுத் தன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். இவர்கள் தங்கள் இருப்பையே விற்றுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் அனுப்புகிறார்கள். பெயரில்லாதவளுக்கு ஊர்ப்பெயரை வைத்துப் பாடவேண்டியிருந்த 1933க்கும், ஒவ்வொருத்தியின் பெயரையும் தலைப்பாக எழுதும் 2012க்கும் இடையே நடந்ததைத்தான் நான் வழக்கு என்று தொடக்கத்தில் சொன்னேன்.

எங்கிருந்து தொடங்கலாம் என்ற கேள்விக்கு: முதலில் ஆய் சிங்கின் செவிலிக் கவிதை, அடுத்து ஹூ ஷி தாய் இறந்து ஊர் திரும்பிய கவிதை, பிறகு பிங் சின்னின் 'காகிதப் படகு'. இந்த மூன்றையும் படித்துவிட்டு ஜாய் யோங்மிங்கின் 'பெண்', 'பதினான்கு எளிய பாடல்கள்' இரண்டையும் எழுதப்பட்ட வரிசையிலேயே படியுங்கள். இரண்டாவதை மட்டும் படித்தால் அது வெறும் சமாதானமாகத் தெரியும். 'விண்மீன்கள்' தொகுப்பை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம், துணுக்குகள் ஒன்றோடொன்று கலந்து இனிப்பு திகட்டிவிடும்; ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் போகாமலிருப்பது நல்லது.